வீட்டைக் கொடுத்தால் வீடு

ஐயாவுக்காக நான் சொன்ன சாட்டுகள், அதாவது சாக்குப்போக்குகள், மொத்தம் இருபத்து நான்கு. பெற்ற பிள்ளைகளுக்காகக்கூட நான் அத்தனை சாட்டுச் சொன்னதில்லை. மூத்த மகள் சாதாரணதரப் பரீட்சையில் கணிதத்தில் சறுக்கியபோது, கணித ஆசிரியனான தகப்பன் ஊருக்குச் சொன்ன சாட்டே இரண்டுதான்.

எண்ணுவது என் பழக்கம். முப்பத்தாறு வருடம் கணிதம் படிப்பித்ததால் அது வந்ததா, அது இருந்ததால்தான் கணிதம் படிப்பித்தேனா, தெரியாது. எங்கள் வாசல் படலையிலிருந்து கல்முனை வீதிக்கு நானூற்றுப் பன்னிரண்டு எட்டு நடை. பின்பக்கமாக வாவிக்கரைக்கு அறுநூற்று முப்பது. மாரியில் சேற்றைச் சுற்றிப் போவதால் அறுநூற்று எழுபது. படுக்கப் போகும்முன் காஸ் சிலிண்டரின் திருகை மூன்று தரம் பார்ப்பேன். இரண்டு தரம் பார்த்தால், பார்த்தது ஒரு தரமா இரண்டு தரமா என்று சந்தேகம் வரும். மூன்று தரம் பார்த்தால் இரண்டாவது நிச்சயம். இதை ஒருநாள் மனைவிக்கு விளக்கினேன்.

“இனி மூச்சையும் எண்ணத் தொடங்குங்க,” என்றாள். “அது ஒண்டுதான் மிச்சம்.”

அவள் அதைச் சொல்லி ஆறு மாதத்துக்குள், மூச்சை எண்ணப் பழக்கும் ஒருவர் எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தார்.

அந்த நேரத்தில் எங்கள் வீட்டில் கவலைப்பட வேண்டிய விடயங்கள் ஏற்கெனவே பதினொன்று இருந்தன. அதில் முதலாவது இளைய மகளின் கலியாணம். அவள் பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலில் வரவேற்பு மேசையில் இருப்பவள். முப்பது தாண்டிய பிறகு ஒரு நல்ல இடம் பொருந்தி, அடுத்த ஆவணிக்கு நாள் பார்ப்பதாகப் பேச்சு. அதற்குமுன் நாங்கள் இருக்கும் வீடு அவள் பெயருக்கு மாறவேண்டும். அதுவே பேச்சின் முதல் நிபந்தனை. ஆகவே வீட்டுக் கூரை, வீட்டுக் கிணறு, வீட்டு மாமரத்தில் பட்டுப்போன கிளை என்று மிச்சம் பத்துக் கவலைகளும் அந்த முதலாவதிலிருந்தே கிளைத்தன.

ஐயாவுக்கு ஐம்பது வயதிருக்கும். வெளிநாட்டிலிருக்கும் யாரோ ஒருவரின் பூட்டிக் கிடந்த வாவிக்கரை வீட்டைத் திறந்து குடியிருந்தார். கொழும்பில் பிறந்தவர் என்றார். பிறகொரு நாள் இந்தியாவில் வளர்ந்தவர் என்றார். அவருடைய தமிழுக்கு ஊர் இல்லை. வானொலிப் பெட்டிக்குள்ளேயே பிறந்து வளர்ந்தவரைப்போலப் பேசினார். “என்னைச் சாமி என்று அழைக்க வேண்டாம். நான் வெறும் ஐயா,” என்றார். அந்தப் பணிவுக்கே எங்களில் நாலு பேர் விழுந்தார்கள்.

நாங்கள் ஆறு பேர். எல்லோரும் ஓய்வு பெற்றவர்கள். ஆறு பேருக்கும் முழங்கால் பன்னிரண்டு. அதில் வேலை செய்வது ஏழு. பெண்களை ஐயா சேர்க்கவில்லை. “அவர்களுக்கு இல்லறமே தவம்,” என்று சொல்லிவிட்டார். அது அவர் செய்த பெரும் பிழை. அது அவருக்கு விளங்கப் பதினொரு மாதம் சென்றது.

முதல் வகுப்பில் கண்ணை மூடி நூற்றெட்டு மூச்சு எண்ணச் சொன்னார். பிறகு ஒவ்வொருவராகக் கேட்டார். பழைய பஸ் சாரதி முப்பதோடு நித்திரையாகிவிட்டார். என் சிநேகிதரான தபாலதிபர் நாற்பத்தைந்தில் தொலைந்து, மறுபடி இருபதிலிருந்து தொடங்கியிருக்கிறார். என் முறை வந்தது.

“நூற்றெட்டு, ஐயா. பதினேழுக்கும் பதினெட்டுக்கும் இடையில் ஒரு இருமல். அதைச் சேர்க்கவில்லை.”

ஐயா என் பக்கம் திரும்பினார். “மற்றவர்கள் இந்தப் பிறவியில்தான் எண்ணப் பழகுகிறார்கள். நீங்கள் போன பிறவியிலிருந்தே எண்ணிக்கொண்டு வருகிறீர்கள்.”

பள்ளிக்கூடத்தில் எனக்குப் பட்டப்பெயர் ‘கல்குலேட்டர்’. வீட்டில் ‘கணக்குப் பேய்’. எழுபத்தொரு வயது வரை என் எண்ணிக்கையைப் பற்றி ஒரு மனிதரும் ஒரு நல்ல சொல் சொன்னதில்லை. அன்று வாவிக்கரையிலிருந்து வீட்டுக்கு வந்தபோது ஒரு எட்டையும் எண்ணாமல் வந்திருக்கிறேன். படலையில் நின்றுதான் அது ஞாபகம் வந்தது.

அந்த மனிதர் பொய்யரென்றால் அந்தச் சொல்லும் பொய்யாகிவிடும். அதை இழக்க நான் தயாராக இல்லை. மிச்சமெல்லாம் அதிலிருந்து வந்தது.

காலை ஐந்து மணிக்கு வகுப்பு. ஐயா ஆறு நாற்பதுக்கு வெளியே வருவார். அதே வீட்டுக்குள் இருக்கிறவர், அறையிலிருந்து விறாந்தைக்கு வர ஒரு மணி நாற்பது நிமிடம். ‘எங்களுக்குப் பொறுமை பழக்குகிறார்’ என்றேன். அது முதலாவது சாட்டு.

மனைவி கேட்டாள்: “உங்கட வகுப்புக்கு ஒரு பொடியன் ஒண்டே முக்கா மணித்தியாலம் பிந்தி வந்தா என்ன செய்வீங்க?”

“முழங்காலில விடுவன்.”

“அப்ப?”

“இவர் குரு.”

“குருவுக்கு முழங்கால் இல்லையா?”

நாலாவது சாட்டு நண்டுக்கானது. தபாலதிபர் தன்னாமுனையில் பிறந்து எங்கள் ஊரில் பெண் எடுத்தவர். ஞாயிறு பூசை தவறாதவர். “மூச்சு எண்ணுறதுக்குப் பாதர் தடை சொல்லல்ல” என்று எங்களோடு சேர்ந்தவர். ஒருநாள் காலை என்னைப் படலைக்கு வெளியே கூப்பிட்டார்.

“மாஸ்டர், ஒரு கதை. ஒருத்தருக்கும் சொல்லிராதீங்க. நேத்து மத்தியானம் சந்திக் கடைக்குள்ள ஐயாவைக் கண்டன். நண்டுக்கறி.”

“ஐயா மரக்கறி மட்டும்தானே? எங்களையும் மீன் இறைச்சி விடச் சொன்னவர்.”

“அதுதானே சொல்லுறன்.”

“எத்தினை நண்டு?”

“இதென்ன கேள்வி? நாலு.”

“பெருசா?”

“ஒண்டு பெருசு. மூண்டு நடுத்தரம்.”

இரண்டு பேரும் அதற்கொரு சாட்டுத் தேடினோம். முதலில் அவர்தான் வழி கண்டார். “ஆண்டவரும் உயிர்த்து வந்து சுட்ட மீன் கேட்டவர்தானே, மாஸ்டர்.”

“மீன் வேற, நண்டு வேற,” என்றேன். “நாங்க திண்டா அது நண்டு. அவர் திண்டா நண்டுக்கு விடுதலை.”

“நாலுக்குமா?”

“நாலுக்கும்.”

அவர் முகம் தெளிந்தது. நாலாவது சாட்டு, நாலு நண்டு. எண் பொருந்தியதையே ஒரு சகுனமாக எடுத்துக்கொண்டேன். ஆனால் அன்று எங்கள் வீட்டில் நான் கத்தரிக்காய்தான் தின்றேன்.

அதன்பிறகு ஐயாவின் வளவுக்கு வேலி அடைத்தோம். இருநூற்றுப் பன்னிரண்டு தென்னோலைக் கிடுகு. “கை வேலை செய்யும்போது மனம் ஓய்கிறது,” என்றார் ஐயா, மாமர நிழலில் சாய்ந்தபடி. கை எங்களுடையது, ஓய்ந்தது அவருடைய மனம் என்பதை அப்போது நான் பிரித்துப் பார்க்கவில்லை. சாரதியின் முழங்கால் பூசணிக்காயாக வீங்கியது. பழைய வினை வெளியேறுகிறது என்றார் ஐயா. அது பதினெட்டு நாளாக வெளியேறிக்கொண்டே இருந்தது. கடைசியில் சாரதியின் மனைவி அவரைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள்.

ஒருநாள் நான் கிடுகு கட்டிய முடிச்சு அவிழ்ந்துவிட்டது. எல்லோருக்கும் முன்னால் ஐயா என்னைக் ‘கழுதை’ என்றார். மற்ற ஐந்து பேரும் என்னைப் பார்த்த பார்வையில் இரக்கம் இல்லை, பொறாமை இருந்தது. நானும் வீட்டுக்குச் சந்தோஷமாகத்தான் போனேன். தனியாக எடுத்துத் திட்டுவதென்றால் தனிக் கவனம் இல்லாமலா? அது பதின்மூன்றாவது.

பதினாறாவது, கதிரைக்கு. எங்கள் வீட்டு விறாந்தையில் ஒரு சாய்மனைக் கதிரை கிடந்தது. மனைவியின் தகப்பன் இருந்த முதிரைமரக் கதிரை. ஐயாவுக்கு முதுகு நோவு என்று கேட்டு, நாலு நாளைக்கென்று தூக்கிப் போனோம்.

“அது என்ட அப்பாட கதிரை,” என்றாள் மனைவி.

“நாலு நாள்தான்.”

ஐந்தாம் மாதமும் அவள் அதையே சொன்னாள். நானும் அதையே சொன்னேன்.

பிறகு ஒரு பௌர்ணமிப் போயா தினத்தன்று ஐயா அந்தக் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். எங்கள் தியானம் முன்னேறாததற்குக் காரணம் பற்று என்றார். “பற்றுகளில் பெரிய பற்று எது? வீடு. வீட்டைக் கொடுத்தால்தான் வீடு கிடைக்கும்.”

குடியிருக்கிற வீட்டுக்கும் மோட்சத்துக்கும் தமிழில் ஒரே சொல் என்பது எனக்குத் தெரியும். ஆனால் அதை இப்படி ஒரு சமன்பாடாக யாரும் எழுதிக் காட்டியதில்லை. இடப்பக்கம் வீடு, வலப்பக்கம் வீடு. இரண்டையும் வெட்டினால் மிஞ்சுவது பூச்சியம் என்பது எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். எனக்கு அன்று தெரியவில்லை.

“உங்கள் வீடுகளை இந்தத் தவச்சாலைக்குத் தருவீர்களா?” என்று கேட்டார்.

இங்கே ஒரு விளக்கம் வேண்டும். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. தாய் மகளுக்கு எழுதுவாள். மகளைக் கட்டுகிறவன் பெட்டியோடு வந்து அந்த வீட்டில் இருப்பான். நாற்பத்து மூன்று வருடத்துக்கு முன் நானும் ஒரு தோற்பெட்டியும் ஒரு சைக்கிளுமாக அப்படித்தான் வந்தேன். ஊரில் இன்றைக்கும் அந்த வீடு என் மாமியின் பெயரில்தான் அறியப்படும். தபாலதிபர், சாரதி, மற்ற மூன்று பேர், எல்லோரும் பெட்டியோடு வந்தவர்களே. யாராவது ஒருவர் இதை ஐயாவுக்குச் சொல்லியிருக்கலாம்.

ஆனால் அவர் ‘உங்கள் வீடு’ என்றார். நாற்பத்து மூன்று வருடத்தில் யாரும் அந்த வீட்டை எனக்கு அப்படிச் சொன்னதில்லை. நான் மற்றவர்களைத் திரும்பிப் பார்த்தேன். ஐந்து பேரும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு இருந்தார்கள். நானும் நிமிர்ந்துதான் இருந்தேன்.

“தருவோம், ஐயா,” என்றோம்.

ஆறு பேருக்குமான கடுதாசியை நானே எழுதினேன், கையெழுத்து வடிவானது என்பதால். ‘நான் எனது வீட்டையும் வளவையும் ஐயாவின் தவச்சாலைக்கு மனமுவந்து கொடுக்கச் சம்மதிக்கிறேன்.’ ஒன்பது சொல். அதில் பொய் ஒன்றே ஒன்று, இரண்டாவது சொல்.

எல்லோரும் ஒப்பமிட்டதும் ஐயா சொன்னார்: “உறுதி வேண்டும்.”

“உறுதியாத்தான் இரிக்கம், ஐயா,” என்றார் தபாலதிபர், கண் கலங்க.

“அந்த உறுதி அல்ல. காணி உறுதி. வீட்டுப் பத்திரம். நாளைக் காலையில் கொண்டு வாருங்கள்.”

அப்போதுதான் ஆறு நெஞ்சும் இறங்கின.

வீட்டில் மனைவி இறால் உரித்துக்கொண்டிருந்தாள். நான் பற்றிலிருந்து தொடங்கினேன். அவள் உரிப்பதை நிறுத்தவில்லை. சமன்பாட்டைச் சொன்னேன். நிறுத்தவில்லை. ‘நாளைக்கு உறுதி கேக்கிறார்’ என்றதும் நிறுத்தினாள். கையைக் கழுவி, இடுப்பில் இருந்த திறப்பால் அலுமாரியைத் திறந்து, உறுதியைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள்.

“எத்தினை பக்கம் எண்டு எண்ணுங்க.”

அவள் வாயால் என்னை எண்ணச் சொன்னது அதுதான் முதல் தடவை. அந்த நிலைமையிலும் எனக்குச் சிறிது உற்சாகம் வந்தது. “ஆறு,” என்றேன்.

“அதில உங்கட பேர் எத்தினை இடத்தில கிடக்கு?”

கண்ணாடியைத் துடைத்துப் போட்டு, மூன்று தரம் பார்த்தேன். “ஒரு இடத்திலயும் இல்ல.”

“அப்ப எந்த வீட்டை எழுதிக் குடுத்தீங்க?”

“அது சட்டப்படி செல்லாது. வெறும் கடுதாசி.”

“செல்லாது எண்டு உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். மாப்பிள்ள வீட்டாருக்குத் தெரியுமா? வீட்டைச் சாமியாருக்கு எழுதிப்போட்டாராம் எண்டு ஒரு கதை போனாக் காணும். வில்லங்கம் பிடிச்ச வீடு எண்டுருவாங்க. என்ட புள்ளட கலியாணம் நிண்டுரும்.”

“ஐயா அப்பிடி வெளிய சொல்ற ஆள் இல்ல...”

“இது எத்தினையாவது?”

“இருபத்திரண்டு,” என்றேன்.

“கடுதாசி வீட்டுக்கு வரணும். அதுக்கு மறுகாதான் சோறு.” உறுதியை எடுத்து அலுமாரியில் வைத்துப் பூட்டினாள். பூட்டிய பிறகு இழுத்துப் பார்த்தாள், ஒரே ஒரு தரம்.

மறுநாள் காலை ஆறு பேரும் வெறுங்கையோடு விறாந்தையில் இருந்தோம். அன்று ஐயா சரியாக ஐந்து மணிக்கு வெளியே வந்தார்.

“மனிசிட பேரில, ஐயா,” என்றார் சாரதி.

“மனிசிட பேரில,” என்றார் தபாலதிபர்.

வரிசையாக எல்லோரும் அதையே சொன்னோம். ஐயா மௌனமானார். பதினொரு மாதத்தில் நான் அவரிடம் கண்ட முதல் உண்மையான மௌனம் அது. என் மூச்சுக் கணக்கில் நாற்பத்தொன்று.

“ஆறு பேருக்குமா?”

“ஊர்வழமை, ஐயா.”

“அப்படியானால் உங்கள் பெயரில் என்னதான் இருக்கிறது?”

சாரதி யோசித்து, “லைசன்,” என்றார். தபாலதிபர், “சேமக்காலையில என்னைப் புதைக்க ஒரு இடம் பதிஞ்சு வச்சிரிக்கன்,” என்றார். நான் சைக்கிளைச் சொன்னேன். ஐயா வேலியில் சாய்ந்து நின்ற சைக்கிளைப் பார்த்தார். “சரி,” என்றார். திறப்பையும் காற்றடிக்கும் பம்பையும் கதிரைச் சட்டத்தில் வைத்தேன். நான் நடந்தால் என் சீனி வருத்தம் குறையும் என்பதற்காகத்தான் அவர் அதை வாங்குகிறார் என்று உடனே தோன்றியது. இருபத்து மூன்று.

“ஐயா, அந்தக் கடுதாசி...” என்று இழுத்தேன்.

“அது என்னிடம் இருக்கட்டும். மனைவிமாரை அழைத்து வாருங்கள்.” பிறகு என்னை மட்டும் பார்த்துச் சொன்னார்: “எண்ணுகிறவனுக்கு ஒருநாளும் ஞானம் இல்லை. எண்ணி எண்ணியே கெட்டுப் போனீர்கள்.”

சைக்கிள் போனது எனக்கு நோகவில்லை. இது நொந்தது. வீட்டுக்கு நடக்கும்போது இருநூற்றுச் சொச்சத்தில் எண்ணிக்கை தவறிவிட்டது. திரும்பிப் போய், புதுவேலி மூலையிலிருந்து மறுபடி எண்ணிக்கொண்டு வந்தேன்.

நடந்ததைச் சொன்னதும் மனைவி, “கூட்டித்து வரச் சொன்னாரா? நல்லது,” என்றாள். கைத்தொலைபேசியை எடுத்து ஐந்து பெண்களுக்கு அழைத்தாள். ஐந்தாவது அழைப்பில் அவளும் மறுமுனையில் இருந்தவளும் சிரிக்கத் தொடங்கியிருந்தார்கள்.

மறுநாள் ஆறு பெண்களும் ஐயாவின் விறாந்தையில் முன்பாயில் இருந்தார்கள். நாங்கள் கிணற்றடியில் நின்றோம். ஐயாவின் முகத்தில் அப்படி ஒரு ஒளியை நான் கண்டதேயில்லை. “தாய்மாரே, வீடு என்பது...” என்று தொடங்கினார்.

“ஐயா,” என்றாள் என் மனைவி. “இவங்க எழுதின கடுதாசிகளைக் காட்டுங்க. வாசிச்சுப் பாத்துத்தானே நாங்களும் ஒப்பம் வைக்கிற.”

ஐயா ஆறையும் மகிழ்ச்சியோடு கொடுத்தார். அவள் வாங்கி நிதானமாக வாசித்தாள். “எழுத்து வடிவாத்தான் இரிக்கு,” என்றாள், கிணற்றடிப் பக்கம் பார்த்து. பிறகு உரியவர்களிடம் ஒவ்வொன்றாகக் கொடுத்தாள். ஆறு கைப்பைகள் திறந்து ஆறும் மூடிய சத்தம் கேட்டது. நான் எண்ணினேன், ஆறும் சரி.

“இப்ப எழும்புங்க,” என்றாள்.

“எதற்கம்மா?”

“கதிரை என்ட அப்பாட. நாலு நாளைக்கெண்டு எடுத்தது.”

ஐயா எழும்பினார். அவர் எழுந்து நின்றபோதுதான் கண்டேன்: என் தோளுக்குத்தான் வருகிறார். பதினொரு மாதமாக அவர் இருக்க நாங்கள் கீழே இருந்ததால் அதை அளக்க எனக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை.

கதிரையை நாங்கள் நாலு பேர் தூக்கினோம். மற்ற இரண்டு பேருக்கும் முழங்கால் இடம் கொடுக்கவில்லை. பெண்கள் முன்னால் நடந்தார்கள். பாதிவழியில் தபாலதிபர் மூச்சு வாங்க என் பக்கம் சாய்ந்தார். “ஐயா ஒரு கோபச் சொல் சொன்னவரா, பாத்தீங்களா? என்ன பொறுமை!”

முன்னால் போன அவர் மனைவி திரும்பாமலே சொன்னாள்: “வாயை மூடித்து கதிரையைத் தூக்குங்க.”

மூன்றாம் நாள் வாவிக்கரை வீடு பூட்டியிருந்தது. ஐயா இல்லை. சைக்கிளும் இல்லை. எங்கள் வேலி மட்டும் நன்றாக நின்றது.

ஆவணிக்கு முன்பாக, உறுதி எழுதும் நொத்தாரிசிடம் போனோம். மனைவி வீட்டை மகள் பெயருக்கு எழுதினாள். “வில்லங்கம் ஏதும் உண்டா?” என்று நொத்தாரிசு கேட்டார். மனைவி என்னைப் பார்த்தாள். பாசிக்குடாவிலிருந்து லீவெடுத்து வந்திருந்த மகளும் பார்த்தாள்.

“ஒண்டும் இல்ல,” என்றேன்.

சாட்சிக்கு வரவேண்டிய மனைவியின் தம்பி பஸ்ஸைத் தவறவிட்டிருந்தார். அதனால் கதிரையில் சும்மா இருந்த என்னையும், துணைக்கு வந்த தபாலதிபரையும் சாட்சியாகப் போட்டார்கள். புது உறுதி ஏழு பக்கம். என் பெயர் ஒரே ஒரு இடத்தில், கடைசிப் பக்கத்தில், தபாலதிபரின் பெயருக்கு மேலே. நாற்பத்து நான்காவது வருடத்தில் அந்த வீட்டின் உறுதியில் நான் ஏறினேன்.

பேனாவை எடுத்தபோது தபாலதிபர் காதுக்குள் சொன்னார்: “ஐயா வந்திராட்டி உங்களுக்கு இப்பிடி ஒரு நாள் வந்திருக்குமா, மாஸ்டர்? எல்லாம் அவர் போட்ட வழி.”

தம்பி பஸ்ஸைத் தவறவிட்டதற்கும் ஐயாவுக்கும் என்ன தொடர்பு என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. ஒரு கணம் அது எனக்கும் சரிபோலப் பட்டது. ஆகவே அதை என் கணக்கிலேயே சேர்த்துக்கொண்டேன். இருபத்து நான்கு.

“என்ன ரெண்டு பேரும் குசுகுசுக்கிறீங்க?” என்றாள் மனைவி. “ஒப்பத்தை வைங்க.”

வைத்தேன்.